செத்தவீடும் ஃபியூனரல் ஹோமும்

போன மாதம் எங்கள் சபை அம்மம்மா ஒருவரின் பார்வைக்குப் போனபோது, வாசலில் நின்ற தம்பி ஒருவன் கேட்டான்: "இது ஆருடைய வீடு?"

கேட்டதில் பிழையில்லை. அகலமான விறாந்தை, உள்ளே மரப்படிகள், பின்னால் பழைய வண்டிக்கொட்டகை. ஒரு காலத்தில் அது ஒரு வசதியான குடும்பம் வாழ்ந்த வீடுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஃபியூனரல் ஹோம்கள் இப்படிப் பழைய வீடுகளில்தான் இருக்கின்றன.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த நாடுகளிலும் செத்தவீடு என்றால் செத்தவரின் சொந்த வீடுதான். பார்லர் எனப்பட்ட முன்னறையில் உடலைக் கிடத்துவார்கள். ஃபியூனரல் பார்லர் என்ற பெயரும் அந்த அறையை நினைவுபடுத்துவதுதான். குளிப்பாட்டி உடுத்தியவர்கள் வீட்டுப் பெண்களும் அயலாரும். பல ஊர்களில் பிள்ளைப்பேறு பார்த்த பெண்களையே இதற்கும் கூப்பிட்டார்கள். தாதிமாராகிய எங்களுக்கு அவர்கள் முன்னோடிகள் என்றே சொல்லலாம். பெட்டி செய்தவர் ஊர்த் தச்சர்; கதிரை மேசை விற்றவரே பிரேதப்பெட்டியும் விற்றார்.

இதை மாற்றியது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள், பெரும்பாலும் வீட்டை விட்டு வெகுதூரத்தில் இறந்தார்கள். மகனின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பெற்றோர் தவித்தார்கள். ரயிலில் பல நாள் வரும் உடல் கெடாதிருக்க, இரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தும் எம்பாமிங் பரவியது. (யாக்கோபுக்கு எகிப்திய வைத்தியர் 40 நாள் செய்தது வேறு முறை. ஆதியாகமம் 50ஐப் பாருங்கள்.) 1861 மே மாதம் கேணல் எல்ஸ்வர்த் சுடப்பட்டு இறந்தபோது, டாக்டர் தோமஸ் ஹோம்ஸ் அவருடைய உடலைப் பதப்படுத்தினார். எல்ஸ்வர்த், லிங்கனின் நண்பர். உடல் வெள்ளை மாளிகையில் வைக்கப்பட்டது.

நான்கு ஆண்டுகளில் லிங்கனின் முறை வந்தது. 1865 ஏப்ரல் 21 வாஷிங்டனில் புறப்பட்ட ரயில் மே 3 ஸ்பிரிங்ஃபீல்டை அடைந்தது. வழியிலே நகரம் நகரமாகச் சனங்கள் வரிசையில் நின்று அவர் முகத்தைப் பார்த்தார்கள். 1862இல் இறந்த அவருடைய சின்ன மகன் வில்லியின் பெட்டியும் அதே ரயிலில் போனது. இதை வாசித்தபோது எங்களுக்கு ஜனாதிபதியைவிடத் தகப்பன்தான் தெரிந்தார்.

பிறகு எம்பாமிங் ஒரு தொழிலாயிற்று. வீடுகள் சிறுத்தன, மரணம் ஆஸ்பத்திரிக்குப் போனது. காரோடு புறநகருக்குப் போன பணக்காரர் விட்ட பெரிய வீடுகளை இந்தத் தொழில் செய்தவர்கள் வாங்கினார்கள். பெட்டி திரும்ப அகலமான கதவு, சனம் இருக்க மண்டபம், பிரேத வண்டிக்குக் கொட்டகை எல்லாம் தயாராக இருந்தன. பல இடங்களில் உரிமையாளர் குடும்பம் மேல்மாடியிலேயே குடியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு அழைத்தாலும் வீட்டு மனிதர்தான் பதில் சொல்வார்.

வீடு கிடைத்தது. ஆனால் கைகள் விலகிவிட்டன. ஆஸ்பத்திரியில் இறந்தவரை நாங்கள் துடைத்து ஒழுங்குபடுத்தும்போது, நம்மவர்கள் பெரும்பாலும் திரைக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே வரலாமா என்று கேட்கக்கூடத் தயங்குகிறார்கள். யோப்பாவில் தபீத்தாளைக் கழுவி மேலறையில் கிடத்தியவர்கள் அவளை அறிந்தவர்கள்தானே. பல ஃபியூனரல் ஹோம்களில் கேட்டால், குடும்பத்தாரே உடுத்த விடுவார்கள். சேலை கட்டத் தெரியாத ஊழியர்களுக்கு அது உதவியும்கூட.

அந்த அம்மம்மாவின் பேத்திமார் கேட்டார்கள். மூன்று பேரும் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் கதவைத் திறந்து எங்களைக் கூப்பிட்டார்கள். ஒருவருக்கும் கொய்யகம் பிடிக்கத் தெரியவில்லை.