ஒப்புரவு கற்பித்த பேராசிரியர்

செம்பூரிலிருந்து டிராம்பே நோக்கிச் செல்லும் சாலையில், தேவ்நாரை அடைந்ததும் மரங்கள் அடர்ந்த வளாகம் ஒன்று கண்ணிற்படும். அதுவே டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம். நம்மவர் பலர் அதன் வாயிலை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். ஆயினும், அக்கழகத்தை அதன் இளமைப் பருவத்தில் பேணி வளர்த்த இயக்குநர் ஒரு தமிழர் என்பதை நம் காலனியில் அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தாம் டாக்டர் ஜே. எம். குமரப்பா.

குமரப்பா என்றதும், கிராமப் பொருளாதாரத்திற்கு இலக்கணம் வகுத்த ஜே. சி. குமரப்பா அவர்களே நம் நினைவுக்கு வருவார். தஞ்சையில் 1892-இல் பிறந்த அவர், இதே பம்பாயில் கணக்குத் தணிக்கையாளராக விளங்கி, 1929-இல் காந்தியடிகளைக் கண்டபின் கிராமத் தொண்டில் புகுந்தார். அவருடைய தமையனாரே நம் பேராசிரியர். 1886-இல் பிறந்தவர், அமெரிக்காவில் உயர்கல்வி கற்று டாக்டர் பட்டம் பெற்றவர். தம்பியார் சிற்றூரைத் தம் களமாகக் கொண்டார். தமையனாரோ ஆலைப்புகை சூழ்ந்த இம்மாநகரில் தொண்டாற்றினார்.

அக்காலத்தில் அமெரிக்கப் பாதிரியார் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்பார், தொழிலாளர் நெருங்கி வாழும் நாக்பாடாவில் ஒரு தொண்டு இல்லம் நடத்தி வந்தார். நல்லெண்ணம் மட்டும் படைத்த தொண்டர்களால் நகரத்தின் துயர் தீராது, பயிற்சி பெற்றவர் வேண்டும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. ஸர் தோராப்ஜி டாட்டா அறநிலையத்தின் ஆதரவுடன் 1936-இல் அங்கேயே ஒரு கல்விக்கூடம் தோன்றிற்று. முதல் வகுப்பில் மாணவர் 20 பேர். கற்பித்த பாடம், சமூக சேவை நிர்வாகம். இந்திய நாட்டில் இத்துறைக்கென எழுந்த முதற் கல்விக்கூடம் இதுவே.

அங்குப் பேராசிரியராய் அமர்ந்த குமரப்பா, 1941-இல் அதன் இயக்குநரானார். இந்திய சமூகப் பணித்துறைக்கென 1940-இல் தோன்றிய ஆங்கில இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். 1944-இல் கல்விக்கூடம் இன்றைய பெயரைப் பெற்றது. வகுப்பறையில் கேட்பதோடு படிப்பு முடிவதில்லை. மாணவர் மக்கள் வாழும் இடம் சென்று பணி செய்து பழக வேண்டும் என்பது அங்கு வகுத்த முறை. நாட்டுப் பிரிவினையின்போது அகதிகளாய் வந்தோரிடையிலும் அக்கழகத்தார் பணியாற்றினர்.

இக்கல்வியால் விளைந்த பயன் யாது? இரண்டு சான்றுகள் போதும். 1946-இல் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில், நோயாளியின் குடும்ப நிலையை ஆராய்ந்து உதவும் சமூகப் பணியாளர் ஒருவர் முதன்முதலாக நியமிக்கப் பெற்றார். 1948-இல் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நலத்துறை அதிகாரி இருத்தல் வேண்டும் என விதித்தது. சட்டம் பதவியைத்தான் உண்டாக்கும். பதவிக்கு உரிய ஆளைக் கல்விதான் உண்டாக்க வேண்டும். அத்தகையோரைப் பயிற்றி அனுப்பும் பணியைக் குமரப்பா முன்னின்று நடத்தினார்.

1952-இல் முதல் ராஜ்ய சபை அமைந்தபோது குடியரசுத் தலைவர் நியமித்த உறுப்பினருள் அவரும் ஒருவர். 1953-இல் இயக்குநர் பொறுப்பினின்று விலகினார். மறு ஆண்டு, 1954-இல், தேவ்நார் வளாகத்தைப் பண்டித நேரு திறந்து வைத்தார். 1957-இல் குமரப்பா மறைந்தார்.

இவ்வரலாற்றை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை மறைக்காமல் கூறுகிறேன். சில ஆண்டுகட்கு முன், வேலைத்தலத்தில் விபத்துற்று மாண்ட ஒரு தாராவித் தொழிலாளியின் மனைவி, கைக்குழந்தையுடன் நம்மிடம் வந்தார். நாங்கள் சிலர் கூடிப் பணம் திரட்டிக் கொடுத்தோம். கடமை முடிந்ததென மனநிறைவும் கொண்டோம். நட்ட ஈடு கோரும் உரிமை அவருக்கு உண்டென்பதையும், அதற்கு இரண்டாண்டுக் கெடு உண்டென்பதையும் எங்களுள் ஒருவரும் கேட்டறியவில்லை. பின்னர் நான் அறிந்தபோது கெடு கடந்துவிட்டது. அந்த அம்மையாரோ திருநெல்வேலிப் பக்கம் ஊர் திரும்பிவிட்டார். நாள் முழுதும் ரயில்வேக் கோப்புகளில் கெடுத் தேதிகளைக் குறித்து வைக்கும் எனக்கு, அந்த ஒரு தேதி தோன்றாமற் போயிற்று. எங்களுக்கு இரக்கம் இருந்தது; அறிவு இல்லை.

வள்ளுவப் பெருந்தகை ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே வேறோர் அதிகாரம் வைத்து, ஒப்புரவறிதல் எனப் பெயரிட்டார். பிறர்க்கு உதவுதலும் அறிந்து செய்ய வேண்டியதொன்று என்பதை அப்பெயரே உணர்த்துவதாக நான் கொள்கிறேன். குமரப்பா அவர்கள் தம் வாழ்நாளிற் கற்பித்ததும் அதுவேயன்றோ?

மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள பெற்றோர், பிள்ளைகளை எஞ்சினீயராகவும் கணக்காளராகவும் ஆக்க விழைவதில் தவறில்லை. நூற்றில் ஒரு பிள்ளையேனும் தேவ்நார் வாயிலுள் நுழைந்து பயிலட்டும். நம் சங்கமும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், எளியோரின் மனுக்களைச் சட்டம் தெரிந்தவரைக் கொண்டு பார்த்துத் தர ஏற்பாடு செய்யட்டும். இனி நம் படியேறி வரும் கைம்பெண் எவரும், வெறும் பணத்தோடு மட்டும் திரும்பாதிருப்பாராக.