காவிரிப் படுகையில் எருவின் வரலாறு

காவிரிப் படுகை வயல்களுக்கு முதலில் எரு போட்டது ஆறுதான். மேட்டு நிலங்களில் அரிபட்ட மண், ஆடி மாதத்துச் செந்நீரோடு வாய்க்கால்களில் இறங்கி, வயலில் நீர் தேங்கியதும் வண்டலாகப் படிந்தது. கல்லணையும், 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையும் நீரைப் பிரித்துத் திருப்பின. பெரிய அளவில் தேக்கி வைக்கவில்லை. அதனால் நூற்றாண்டுகளாக வண்டல் தடையின்றி வந்தது. ஆனால் வண்டலில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. நெல்லுக்கு மிகுதியாகத் தேவைப்படும் அந்தச் சத்தைச் சேர்க்கும் வேலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் இலைதழைக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் உரியதாக இருந்தது.

தை அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைச் சீமைக்கு வருவார்கள். பகலில் ஆடுகள் அறுத்த தாளையும் வரப்புப் புல்லையும் வாய்க்கால் கரைச் செடிகளையும் மேயும். இரவில் பேசிய வயலில் கிடை மறிப்பார்கள். படலோ வலையோ கட்டி அடைத்த ஆடுகள் விடியும்வரை அங்கேயே படுத்துப் புழுக்கையும் மூத்திரமும் விடும். மறுநாள் கிடை பக்கத்துத் துண்டுக்கு நகரும். மூத்திரத்திலுள்ள தழைச்சத்து வெயிலில் ஆவியாகிவிடும் என்பதால், ஈரம் காயுமுன் உழுதுவிடுவதே நல்ல முறை. கூலி பெரும்பாலும் நெல்லாகக் கிடைத்தது. ஊர்ப் புறம்போக்கில் சிதறிக் கிடந்த சத்தையெல்லாம் வயலுக்குக் கொண்டுவந்து சேர்த்த இந்த ஏற்பாட்டைப் படுகையின் உரத்தொழிற்சாலை என்றே சொல்லலாம். “ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்” என்ற பழமொழி அனுபவத்தில் விளைந்தது. ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மட்கிப் பயிருக்குக் கிடைக்கும். தொழுவுரம் மெல்ல மெல்லத்தான் சத்தை விடும்.

மாட்டின் பங்கு வைக்கோலில் தொடங்கியது. ஐந்து, ஆறு மாதம் வயலில் நின்ற பழைய சம்பா ரகங்கள் ஆளுயரம் வளர்ந்து ஏராளமான வைக்கோல் கொடுத்தன. அது மாட்டுக்குத் தீவனமாகி, எருக்குழியில் சாணமும் சாம்பலுமாகச் சேர்ந்து, கோடையில் வண்டியேறி வயலுக்குத் திரும்பியது. நடவுக்கு முன் கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கந்தழை ஆகியவற்றைத் தொழியில் போட்டு மிதித்தார்கள். சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே மெழுகுபதச் சேற்றில் உளுந்தும் பயறும் விதைத்தார்கள். பனியையும் மண்ணின் மிச்ச ஈரத்தையும் கொண்டே வளரும் அந்தப் பயறு, வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டது. தேங்கிய நீரில் படரும் நீலப்பச்சைப் பாசியும் இதே வேலையைச் செய்தது. நெல் வயலில் அதற்குள்ள பங்கை 1939-இல் பி.கே. டே என்ற இந்திய அறிவியலாளர் ஆய்வில் காட்டினார்.

இந்தச் சுழற்சி குறையற்றதாக இருந்ததில்லை. ஆங்கிலேய அரசு அழைத்து 1889-இல் இந்தியா வந்த வேளாண் வேதியியலாளர் வோல்க்கர், 1893-இல் வெளிவந்த அறிக்கையில் ஒரு பெரிய ஓட்டையைச் சுட்டினார்: விறகு கிடைக்காத ஊர்களில் சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிந்தது. எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறி வெளிநாடு போயின. காடு போனதால் சாணம் போனது என்பதை அவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் அன்று குறைவு. 1906-இல் இராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கியது. நாட்டின் முதல் செயற்கை உர ஆலை அதுவே. ஆனால் படுகையின் சாதாரண விவசாயிக்கு மூட்டை உரம் பழகுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதற்குள் ஆற்றின் பங்கு அறுந்தது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்ததும் தண்ணீர் வரும் காலம் ஓரளவு உறுதிப்பட்டது. சாகுபடிப் பரப்பும் கூடியது. வண்டலின் பெரும்பகுதியோ நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிட்டது. மண்வளத்தில் ஏற்பட்ட இந்த முதல் முறிவுக்கு யூரியா காரணமல்ல என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த மாற்றம் திட்டமிட்டே வந்தது. 1960-61-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கொடுக்கப்பட்டன. பஞ்ச பயம் நிலவிய காலம் அது. விளைச்சலைக் கூட்டியாக வேண்டியிருந்தது. உயர்ந்து வளரும் பழைய ரகங்கள் உரம் அதிகமானால் சாய்ந்துவிடும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 போன்ற குறுகிய கால ரகங்களும், 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த குட்டை ரகமான ஐ.ஆர். 8-உம் உரத்தை நெல்மணியாக மாற்றின. விளைச்சல் உண்மையிலேயே உயர்ந்தது. அதற்குக் கொடுத்த விலை வைக்கோலில் தெரிந்தது. குட்டைப் பயிரில் தாள் குறைந்தது. டிராக்டர் வந்ததும் உழவு மாடும் குறைந்தது. தொழுவுரம் தானாகவே அருகியது. இரண்டு, மூன்று போகம் நெருங்கிய இடங்களில் கிடை மறிக்கவோ பசுந்தாள் விதைக்கவோ இடைக்காலம் மிஞ்சவில்லை.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நீர் தேங்கிய வயலில் போட்டதில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. பகலில் பாசி கரியமில வாயுவை இழுக்க இழுக்க வயல் நீரின் காரத்தன்மை ஏறும். அப்போது அம்மோனியா வாயுவாகி வெளியேறிவிடும். வயல் காய்ந்து நனையும்போது ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. நூறாண்டுக் கணக்கில் அந்த வாயு கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நைட்ரேட்டாகி நிலத்தடி நீரில் இறங்குவது ஒரு பங்கு. வடிகாலோடு போய்க் குளத்திலும் கழிமுகத்திலும் பாசியை வளர்ப்பது இன்னொரு பங்கு. யூரியா மிகுந்தால் நீலப்பச்சைப் பாசி நைட்ரஜன் பிடிப்பதையும் குறைத்துக்கொள்கிறது. அதாவது, இலவசமாகக் கிடைத்ததை விலைக்கு வாங்கியது தள்ளிவிட்டது. மூட்டை உரம் பெரும்பாலும் தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்துகளை மட்டுமே தந்ததால், தொழுவுரத்தோடு சேர்ந்து வந்த நுண்சத்துகளில் பற்றாக்குறை தெரிந்தது. இன்று நடவின்போது துத்தநாக சல்பேட் இடுவது வழக்கமான பரிந்துரையாகிவிட்டது.

1992-இல் மத்திய அரசு மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கி, யூரியாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. மற்றவை விலையேற, மலிவான யூரியாவின் பக்கமே கை போனது. சத்துகளின் சமநிலை மேலும் கெட்டது. இது விவசாயியின் அறியாமை அல்ல. விலை அவரை அங்கே தள்ளியது. சத்து மெல்லக் கிடைப்பதற்காக 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அதனால் சேதம் ஓரளவுதான் குறையும்.

கீதாரிகள் இன்றும் கோடையில் வருகிறார்கள். கூலி இப்போது பணமாகிவிட்டது. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற வைக்கோலைக் கட்டுகளாகச் சுருட்டி, பிற மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் லாரியில் அனுப்புவது பரவியுள்ளது. நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி மணியில் சேராமல் தாளிலேயே தங்கும். அது வைக்கோலோடு வெளியூர் போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்பும் பொட்டாஷ் உரம் கப்பலில் வருகிறது.