களிமண் காத்த கணக்குகள்

பண்டைப் பேரரசுகளின் வரலாற்றைப் பயிலும்போது நாம் பெரும்பாலும் மன்னர்தம் மெய்க்கீர்த்திகளையே கேட்கின்றோம். வென்ற நாடுகளும் கொண்ட திறைகளும் எடுத்த மாளிகைகளுமே கல்லிற் பொறிக்கப்பட்டன. அம்மாளிகைகளுக்குக் கல் சுமந்தவன் என்ன உண்டான் என்று கல் கூறுவதில்லை. அதனைக் கூறும் பேறு களிமண்ணுக்கே வாய்த்தது.

இன்றைய ஈரானின் தென்மேற்கே விளங்கியது ஏலாம் நாடு. சூசா அதன் தலையாய நகரம். கி. மு. 3000 ஆம் ஆண்டளவிலேயே அங்கு களிமண் ஏடுகளிற் கணக்கு எழுதினர். பின்வந்த ஏலாமியர் மெசொப்பொத்தேமியாவின் ஆப்பெழுத்தைக் கைக்கொண்டனர். கி. மு. 647 அளவில் அசீரிய மன்னன் அசுர்பனிபால் சூசாவைச் சூறையாடினான். அதன்பின் பாரசீகர் தலையெடுத்தனர். ஆயினும் அவர்கள் தம் பண்டசாலைக் கணக்குகளை ஏலாமிய மொழியிலேயே எழுதுவித்தனர். அரசிழந்தோர் மொழி அரசாண்டோர் கணக்கிலே வாழ்ந்தது.

இதனை உலகறியச் செய்தது பெர்செபொலிஸ் நகரின் அகழ்வாராய்ச்சியாகும். 1933 ஆம் ஆண்டு, சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அங்கு ஆராய்ந்த ஏர்ணஸ்ட் ஹேர்ஸ்பெல்ட் என்பாரின் குழுவினர், கோட்டை மதிலின் அறைகளிலே பல்லாயிரம் ஏடுகளையும் துண்டுகளையும் கண்டனர். அவை முதலாம் தாரியஸ் மன்னன் காலத்தவை, கி. மு. 509 முதல் 493 வரை எழுதப்பட்டவை. றிச்சர்ட் ஹலக் என்னும் அறிஞர் அவற்றுள் 2,087 ஏடுகளின் வாசகங்களை 1969 இல் வெளியிட்டார்.

முடிச்சிட்ட நூலைச் சுற்றி ஈரக் களிமண்ணைப் பிடித்து, எழுத்தாணியால் எழுதி, முத்திரை பதித்துக் காயவிடுவர். என்ன பொருள், எவ்வளவு, கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எந்த மாதம் என்பனவே அதிற் காணும் செய்தி. அரச ஆணைச்சீட்டுடன் சென்ற பயணிகள் வழியிலுள்ள பண்டசாலைகளில் மாவும் மதுவும் பெற்றனர். இந்தியாவிலிருந்து சூசாவுக்குச் சென்றோரும் அவர்களுள் உளர். ஏலாமியத் தெய்வமாகிய உம்பானுக்கும் பாரசீகரின் அகுரமஸ்தாவுக்கும் படைக்கப் பொருள் வழங்கியதையும் ஏடுகளிற் காண்கின்றோம்.

இனித் தொழிலாளர் நிலையை நோக்குவோம். ஆண் தொழிலாளி ஒருவனுக்கு மாதம் ஏறத்தாழ 30 லீற்றர் வாற்கோதுமை கிடைத்தது. அதாவது நாளொன்றுக்கு 1 லீற்றர். நிருவாகத் தலைவனாகிய பர்னக்கன் பெயரில் நாளொன்றுக்கு எழுதப்பட்டதோ ஏறத்தாழ 180 லீற்றர் மா, 90 லீற்றர் மது, 2 ஆடுகள். அத்தனையையும் ஒருவனே உண்டிருத்தல் இயலாது; எனினும் ஏற்றத்தாழ்வு எத்தகையது என்பது தெளிவு. பெண் தொழிலாளருள் தலைமை பூண்ட சிலர் ஆண்களினும் கூடுதலாகப் பெற்றனர். பிள்ளை பெற்ற தாயர்க்குச் சிறப்புப் படி உண்டு. ஆயின் ஆண்மகவு ஈன்றவள் பெற்றதிற் பாதியே பெண்மகவு ஈன்றவளுக்குக் கிடைத்தது. இக்குறையைக் கணக்கன் மறைத்தானில்லை. அவன் எழுதியிராவிடில் நாம் அறிந்திருக்கவும் மாட்டோம்.

கி. மு. 330 இல் அலெக்சாந்தரின் படையினர் பெர்செபொலிஸ் மாளிகைகளுக்குத் தீயிட்டனர். தோலில் எழுதிய ஆவணங்கள் அங்கு எஞ்சவில்லை. களிமண் ஏடுகள் எஞ்சின. மன்னன் தன் புகழ் நிலைக்கவேண்டுமென்று கல்லிலே எழுதுவித்தான். கணக்கனோ அன்றைய கணக்கு நேராக வேண்டுமென்று மட்டுமே எழுதினான். மெய்க்கீர்த்தி சொல்லாது விட்டதை அவனது பற்றுச்சீட்டு நமக்குச் சொல்லிற்று. சிறு கணக்கையும் நேர்மையாக எழுதி வைத்தல் பின்வருவோர்க்குச் செய்யும் பேருதவி என்பதை நாம் இதனால் உணர்கின்றோம்.