தமிழ்99 விசைப்பலகை: பயனர் தேவைகளை வரையறுத்த வரலாறு

முன்னுரை

ஒரு கருவியை உருவாக்குமுன் அதனைக் கையாளவிருப்போர் யாவர், அவர்தம் தேவைகள் எவை என வரையறுத்தல் தொழில்நுட்பத் திட்டங்களின் முதற்படியாகும். தேவைகள் தம்முள் முரணும்போது எதற்கு முதன்மை தருவது என்னும் வினா எழுகிறது. தமிழ்க் கணிமையில் இவ்வினாவை எதிர்கொண்ட முயற்சிகளுள் தமிழ்99 விசைப்பலகை குறிப்பிடத்தக்கது.

பின்புலம்

1990களில் தமிழ் மென்பொருள்கள் தத்தமக்கெனத் தனித்தனிக் குறியீட்டு முறையையும் விசை அமைப்பையும் கொண்டிருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படிக்க இயலாத நிலை இருந்தது. 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று சிங்கப்பூரில் நடத்திய கருத்தரங்கில் இது விவாதிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் சென்னையில் தமிழ்இணையம்99 மாநாட்டை நடத்தியது. தமிழறிஞர், மென்பொருள் உருவாக்குநர், அயலகத் தமிழர் எனப் பல தரப்பினரும் அதில் பங்கேற்றனர்.

முரண்பட்ட தேவைகள்

தட்டச்சுப் பயின்றோர்க்குப் பழகிய அமைப்பே எளிது. தட்டச்சுப்பொறியில் எழுத்தின் வடிவமே வரிசையைத் தீர்மானிக்கும். 'கெ' என எழுத முதலில் கொம்பையும் பின்னர்க் ககரத்தையும் அடிக்க வேண்டும். அயலகத் தமிழர் பலர்க்கு உரோமன் எழுத்தின்வழி ஒலிபெயர்த்து எழுதும் முறை ஏற்றதாக இருந்தது. நடுவண் அரசின் இன்ஸ்கிரிப்ட் அமைப்போ இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது. தெலுங்கு ஆட்சிமொழியாகவும் தமிழ் பேச்சு வழக்கிலும் உள்ள சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம் போன்ற ஊர்களில் இருமொழியும் எழுதுவார்க்கு ஒரே விசைப்பழக்கம் போதும் என்பது இதன் பயன். எனவே ஒவ்வொரு தேவையும் தன்னளவில் நியாயமுடையதே.

இலக்கணவழித் தீர்வு

தமிழ்99 தமிழின் ஒலியமைப்பை அடிப்படையாகக் கொண்டது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்துகளுக்கு விசைகள் அமைந்தன. உயிர்மெய் 216உம் இவற்றின் சேர்க்கையால் பிறக்கின்றன. உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் வைக்கப்பட்டன. அ, இ, உ, எ ஆகிய குறில்களுக்கு நேர்மேலே அவற்றின் நெடில்கள் உள்ளன. ககரத்தை இருமுறை அடித்தால் 'க்க' எனப் புள்ளி தானே தோன்றும். 'ங்க', 'ந்த', 'ம்ப' போன்ற இனவெழுத்து மயக்கங்களுக்கும் இதுவே விதி. மெய்ம்மயக்கம் பற்றிய இலக்கண அறிவு இங்குக் கருவியின் விதியாயிற்று. 1999 ஜூனில் தமிழக அரசு இதனைத் தரமாக அறிவித்தது.

முடிவுரை

இம்முடிவு, பழகியவரைவிடப் புதிதாகக் கற்பவர்க்கு முதன்மை தந்தது எனலாம். அதன் விலையும் உண்டு. தட்டச்சு, ஒலிபெயர்ப்பு அமைப்புகள் அரசாணைக்குப் பின்னரும் வழக்கிலிருந்து நீங்கவில்லை. பல தரப்பினரும் ஓரவையில் கூடுவதால் மட்டும் அனைவர் தேவையும் நிறைவுறுவதில்லை. எத்தேவை பின்தள்ளப்படுகிறது என்பதையும் வெளிப்படையாகப் பதிவுசெய்தல் வேண்டும். ஆயினும் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் இலக்கண நெறியில் சில விசைகளுள் அடக்கலாம் என நிறுவிய வகையில், கணிமைத் திட்டங்களில் தமிழாய்வாளர்க்குரிய இடத்தைத் தமிழ்99 உறுதிப்படுத்துகிறது.