பொருள்கோள்

பொருள்கோள் என்பது செய்யுளில் அமைந்த சொற்களையும் அடிகளையும் பொருள் விளங்குமாறு இயைத்துக் கொள்ளும் முறை. தமிழ்ச் சொற்றொடரியல் சார்ந்த இவ்விலக்கணத்தைப் பவணந்தி முனிவரின் நன்னூல், சொல்லதிகாரப் பொதுவியலில் கூறுகிறது.

வகைகள்: ஆற்றுநீர், மொழிமாற்று, நிரல்நிறை, பூட்டுவில், தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று என எட்டு. மொழிமாற்றில் ஓரடிக்குள்ளும், கொண்டுகூட்டில் பல அடிகளிலும் சொற்கள் இடம்மாற்றிக் கொள்ளப்படும். தாப்பிசையில் இடைநின்ற சொல் முன்னும் பின்னும் சென்று இயையும். நிரல்நிறை உரைநடையிலும் உண்டு: ‘கோவையும் ஈரோடும் நூற்பாலைக்கும் மஞ்சளுக்கும் பெயர்பெற்றவை’ என்பதில் கோவை நூற்பாலையோடும் ஈரோடு மஞ்சளோடும் முறையே இணைகின்றன.

அடிப்படை: தமிழில் வினைமுற்று பொதுவாக இறுதியில் வரும், ஆயினும் வேற்றுமை உருபு செயப்படுபொருளை எழுவாயிலிருந்து பிரித்துக் காட்டுவதால் சொற்கள் இடம்மாற இயலும். இதற்கு மாறாக, டேனிய மொழியில் பெயர்ச்சொற்களுக்கு இத்தகைய உருபு இல்லை. முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். ஆகவே அங்குச் சொல்வரிசைக்கு இலக்கணப் பங்கு மிகுதி.

வரலாறு: தொல்காப்பியம் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கு வகை கூறும். நன்னூல், சோழ மன்னன் மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தில் சிற்றரசன் சீயகங்கன் வேண்டுகோளால் இயற்றப்பட்டது. பவணந்தியாரைப் பெருந்துறை அருகிலுள்ள சீனாபுரத்தோடு கொங்கு மரபு இணைக்கிறது.

சிறப்பு: உரையாசிரியர்கள் செய்யுளுக்குப் பொருள் காணவும், மாணவர் இலக்கணம் பயிலவும் இவ்வகைப்பாடு இன்றும் பயன்படுகிறது.