நிறுத்திவைக்கும் பொத்தான்

1976-ல் அமெரிக்காவின் ஃபேர்சைல்ட் நிறுவனம் ‘சேனல் எஃப்’ என்றொரு வீடியோ கேம் கன்சோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேட்ரிட்ஜை மாற்றினால் விளையாட்டு மாறும் என்ற ஏற்பாடு வீட்டு டிவிக்கு வந்து சேர்ந்தது அதில்தான். அதை உருவாக்கிய அணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர். அவரையே உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது என்றால், அந்தப் பெட்டியில் இருந்த ஒரு சின்னப் பொத்தானை யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்? ‘ஹோல்ட்’ என்று அதன்மேல் எழுதியிருக்கும். அழுத்தினால் ஆட்டம் அப்படியே நிற்கும். அடுப்பில் பால் பொங்கினால் ஓடிப்போய் இறக்கிவைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அடுத்த ஆண்டே அட்டாரியின் கன்சோல் வந்து, கோடிக்கணக்கில் விற்று, சேனல் எஃப்பை ஓரங்கட்டியது. அட்டாரியின் முகப்பில் நிறத்தை மாற்ற ஒரு விசை, கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் விசைகள், முதலிலிருந்து தொடங்க ஒரு விசை எல்லாம் இருந்தன. நிறுத்திவைக்க மட்டும் ஒன்றும் இல்லை. அந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்களை ஆட்டத்தின் நடுவே யாரும் சமையலறையிலிருந்து கூப்பிட்டதில்லை போலிருக்கிறது.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறவள், வீடியோ கேம் ஆடுகிறவளும்கூட. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ் ஆகியவை வந்தது 2020 நவம்பரில். இத்தனை ஆண்டு கழித்தும் அவற்றை வாங்குவது பிரயோசனமா என்று என்னிடம் கேட்கிற பெண்கள் உண்டு. கேள்வியோடு கூடவே இன்னொரு வரியும் வரும்: “வாங்கினா விளையாட நேரம் கிடைக்குமான்னு தெரியல மேடம்.” இதே கேள்வியைக் கேட்கும் ஆண்கள் கிராஃபிக்ஸைப் பற்றியும் 4கே டிவியைப் பற்றியும் பேசுவார்கள். பெண்கள் சொல்லும் அந்த இரண்டாவது வரிதான் சரியான அளவுகோல் என்பது என் கட்சி. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு கன்சோல்களின் ஐம்பதாண்டு வரலாற்றைப் பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படும் கதையிலிருந்து அது நிறைய விலகிப்போகிறது.

அட்டாரி காலத்தில் பெண்கள் இல்லாமல் இல்லை. கரோல் ஷா 1978-ல் அட்டாரியில் சேர்ந்தார். பிறகு ஆக்டிவிஷனுக்காக 1982-ல் ‘ரிவர் ரெய்ட்’ செய்தார். முடிவில்லாமல் நீளும் ஓர் ஆற்றை வெறும் 4 கிலோபைட்டுக்குள் அடக்கிய வேலை அது. டோனா பெய்லி 1981-ல் வெளிவந்த ‘சென்டிபீட்’ ஆட்டத்தை எட் லாக்குடன் சேர்ந்து உருவாக்கினார். ‘பேக்-மேன்’ ஆட்டத்தைச் செய்த டோரு இவாதானி, பெண்களும் வந்து ஆட வேண்டும் என்றே அதை யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியாவின் மின்னணுத் தொழிற்சாலைகளில் பாகங்களைப் பொருத்தும் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பகுதியும் பெண்கள்தான், அதிலும் புலம்பெயர்ந்து வந்தவர்கள். 1983 பிப்ரவரியில் அட்டாரி 1,700 பேரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு உற்பத்தியை ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் கொண்டுபோவதாக அறிவித்தது. வீடியோ கேம் வரலாற்று நூல்களில் 1983 என்றாலே நிறுவனங்களின் வீழ்ச்சி பக்கம் பக்கமாக வரும். இந்த 1,700 பேர் ஒரு வரியில் கடந்துபோவார்கள்.

அந்த வீழ்ச்சியில் அமெரிக்கக் கடைக்காரர்கள் கன்சோல் என்ற சொல்லைக் கேட்டாலே அலறும் நிலை வந்தது. 1985-ல் நிண்டெண்டோ அங்கே நுழைந்தபோது ஒரு தந்திரம் செய்தது. கன்சோலோடு ஒரு பிளாஸ்டிக் ரோபோவைச் சேர்த்து, இது பொம்மை என்று சொல்லி விற்றது. பொம்மைக் கடை என்றால் அங்கே இரண்டு பக்கம்: பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று. கன்சோல் ஆண் பிள்ளைகள் பக்கம் போய் உட்கார்ந்தது. அதற்கு முன்பு அட்டாரி விளம்பரங்களில் குடும்பமே சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். இதற்குப் பிறகு வந்த விளம்பரங்களில் பையன்கள்தான். “வீடியோ கேம் பசங்க விளையாட்டு” என்று நாம் இயற்கை நியதிபோலப் பேசுகிற விஷயம் ஒரு கடை அலமாரியில் பிறந்தது.

அதே நிண்டெண்டோ 1989-ல் கையில் வைத்து ஆடும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து ‘கேம் பாய்’ என்று பெயர் வைத்தது. பெயரிலேயே பையன். (நம் ஊரும் சளைத்ததல்ல. இந்தியாவில் உருவாக்கப்பட்டு 2009-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வெளிவந்த ஆட்டத்தின் பெயர் ‘ஹனுமான்: பாய் வாரியர்’.) ஆனால், 1995-ல் நிண்டெண்டோவே ஒரு கணக்கு சொன்னது. அமெரிக்காவில் கேம் பாய் ஆடுகிறவர்களில் 46 சதவீதம் பெண்கள். டிவியில் பொருத்தி ஆடும் அதன் முதல் கன்சோலில் 29 சதவீதம். அடுத்து வந்த சூப்பர் நிண்டெண்டோவில் 14.

இந்த மூன்று எண்களையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுக் காரணம் கேட்பேன். மாணவிகள் யோசிக்க நேரமே எடுத்துக்கொள்வதில்லை. “டிவி யார் கையில மேடம் இருக்கும்?” கேம் பாய்க்குக் கூடத்தில் இடம் பிடிக்க வேண்டாம், ரிமோட்டுக்குச் சண்டை போட வேண்டாம். போர்வைக்குள் வைத்து ஆடலாம், கூப்பிட்டால் நிறுத்திவிட்டு எழுந்துபோகலாம். ஆர்வம் பெண்களுக்கு இருந்திருக்கிறது, இடமும் நேரமும்தான் கிடைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

நேரம் என்றால் எவ்வளவு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக்கணக்கு. மிச்சமிருக்கும் ஓய்வும் பெண்களுக்கு முழுசாக வருவதில்லை, பத்து நிமிடம் இருபது நிமிடமாக உடைந்து உடைந்து வருகிறது. குக்கர் மூன்று விசில் வரும்வரை, குழந்தை எழுந்திருக்கும்வரை.

விட்ட இடத்தைச் சேமித்துவைக்கும் வசதி இல்லாத ஆட்டங்கள் அப்படிப்பட்ட நேரத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. 1985-ல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தில் நிறுத்திவைக்கலாம், சேமிக்க முடியாது. மின்சாரத்தை அணைத்தால் முதலிலிருந்துதான். தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்த, நிண்டெண்டோவைப் பார்த்துச் செய்த மலிவு டிவி கேம்களில் அதை ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் அது அண்ணனுக்கு வாங்கியது. அவன் டியூஷன் போயிருக்கும் ஒன்றரை மணி நேரம் என்னுடையது. அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் மின்வெட்டு வந்தால், ஏழாம் உலகத்தில் நின்றிருந்த மாரியோ மீண்டும் முதல் உலகத்தின் வாசலுக்கு வந்துவிடுவான். ‘லெஜெண்ட் ஆஃப் ஜெல்டா’ கேட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன பேட்டரியை வைத்து, விட்ட இடத்தைச் சேமிக்கும் வசதியோடு 1987-ல் அமெரிக்காவில் வெளியானது. அது எங்கள் தெருவரை வரவில்லை.

இப்போது இன்றைய கன்சோல்களுக்கு வருகிறேன். முந்தைய தலைமுறையில் ஒரு பெரிய ஆட்டத்தைத் திறந்து, ஏற்றி, விட்ட இடத்துக்கு வந்து சேரவே பல நிமிடம் ஆகும். உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் அவ்வளவு மெதுவானது. இருபது நிமிட ஓய்வில் அதற்கே கால்வாசி போய்விடும். பிளேஸ்டேஷன் 5-லும் புதிய எக்ஸ்பாக்ஸிலும் எஸ்எஸ்டி இருப்பதால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் சில நொடிகளாகச் சுருங்கிவிட்டது. எக்ஸ்பாக்ஸில் ‘குவிக் ரெஸ்யூம்’ என்ற வசதியும் உண்டு. கன்சோலையே அணைத்துவிட்டு மறுநாள் வந்தாலும், அதை ஏற்கும் ஆட்டங்களில், கத்தியை ஓங்கிய நிலையில் விட்ட பாத்திரம் ஓங்கிய நிலையிலேயே நிற்கும். விளம்பரங்களில் ஒளிக்கற்றையின் பிரதிபலிப்பைக் காட்டிய அளவுக்கு இதைக் காட்டவில்லை. எனக்கோ இந்தத் தலைமுறையின் உண்மையான முன்னேற்றம் இது ஒன்றுதான். 1976-ன் ‘ஹோல்ட்’ பொத்தான் வளர்ந்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

கொசுறாக ஓர் எச்சரிக்கை. இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் நிறுத்திவைக்கவே முடியாது. நடுவில் எழுந்தால் அணி தோற்கும், மைக்கில் பெண் குரல் கேட்டாலே தொடங்கும் வசவு வேறு. அவற்றுக்காக மட்டும் கன்சோல் வாங்க நினைத்தால் நான் வேண்டாம் என்பேன்.

அடுத்தது காசு. கன்சோல் வாங்குவதில் ஒரு பழைய சூத்திரம் இருந்தது: காத்திரு, விலை இறங்கும். 2000-ல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2002-ல் 199 ஆகி, 2009-ல் 99 டாலருக்கு வந்தது. சில்லுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்கச் செலவு குறைந்ததால் இது நடந்தது. உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்றதில் இந்த இறங்குமுகத்துக்குப் பெரும் பங்குண்டு. வீட்டில் கடைசியாகப் பங்கு கிடைக்கிறவர்களுக்குக் கன்சோல் எட்டியது அந்த விலையில்தான். பிளேஸ்டேஷன் 5 கதை தலைகீழ். 499 டாலருக்கு வந்தது, 2025 ஆகஸ்டில் 549 ஆனது. 299 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ், அதே ஆண்டு அக்டோபரில் 399-ஐத் தொட்டது. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு அறிமுகமான பிளேஸ்டேஷன் 5, 2022 நவம்பரில் 54,990 ஆயிற்று. சில்லுகளின் விலை முன்புபோல் இறங்குவதில்லை, இறக்குமதி வரிகளும் சேர்ந்துகொண்டன. காத்திருப்பவளுக்கு இப்போது பரிசு எதுவும் இல்லை.

விலை இறங்காவிட்டால் போகட்டும், இன்னொரு வழி இருந்தது: கைமாற்று. டிஸ்க்கை ஒருத்தி வாங்குவாள், நாலு பேர் ஆடுவோம், பிறகு விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவோம். சோனியே வெளியிட்ட பிளேஸ்டேஷன் 5 ஆட்டம் ஒன்று இங்கே 4,999 ரூபாய்க்கு வந்தபோது, இந்த ஏற்பாடுதான் எங்கள் நட்பு வட்டத்தைக் காப்பாற்றியது. ஏலச்சீட்டு மாதிரிதான். இதை மூடிவிட நிறுவனங்கள் எப்போதும் துடித்திருக்கின்றன. 2013-ல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய எக்ஸ்பாக்ஸில் பழைய டிஸ்க்கை விற்கவும் இரவல் கொடுக்கவும் கட்டுப்பாடுகளை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதத்திலேயே பின்வாங்கியது. அப்போது சோனி கேலியாக ஒரு குட்டி வீடியோ வெளியிட்டது. எங்கள் ஆட்டத்தை நண்பருக்கு இரவல் கொடுப்பது எப்படி? ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். இருவரும் ஆண்கள் என்பதைத் தவிர எனக்கு அதில் குறையில்லை. அதே சோனி 2024 நவம்பரில் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவின் விலை அப்போது 700 டாலராக இருந்தது. டிஸ்க் போட அதில் இடமே இல்லை, வேண்டுமானால் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பெட்டிகளைப் பூட்டும் கைகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2013-ல் பிளேஸ்டேஷன் 4 தயாரான சீனாவின் யந்தாய் ஃபாக்ஸ்கான் ஆலையில், மாணவப் பயிற்சியாளர்களை விதியை மீறி இரவு வேலையிலும் கூடுதல் நேர வேலையிலும் ஈடுபடுத்தியதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அது நமக்குப் புதிய பெயரல்ல. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் உட்கார்ந்த ஸ்ரீபெரும்புதூர் பெண்கள் அதே நிறுவனத்தின் ஆலையில் செல்பேசி பூட்டியவர்கள். இதனால் கன்சோல் வாங்கக் கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. கையில் செல்பேசியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ஏற்கெனவே செய்து முடித்த ஒரு பெட்டியை இன்னொருத்தியிடமிருந்து வாங்குவதில் எனக்கு ஈர்ப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, கேட்கிறவர்களுக்கு என் பதில்: வாங்கலாம், டிஸ்க் போடும் வசதியுள்ளதை மட்டும். பிளேஸ்டேஷன் 4-ன் டிஸ்க்குகளில் ஏறக்குறைய எல்லாமே 5-ல் ஓடும். பத்தாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த ஆட்டங்கள் பழைய டிஸ்க்காகப் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. கன்சோலும் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் நல்லது. வாங்குமுன் ஒரு டிஸ்க்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப்பாருங்கள், மின்விசிறிச் சத்தம் கேளுங்கள். டிஸ்க் இல்லாத மலிவுப் பதிப்பில் மிச்சமாகும் பணம், முழு விலையில் வாங்கும் இரண்டே ஆட்டத்தில் கரைந்துவிடும். வீட்டு டிவி உங்கள் கையில் இல்லையென்றால், டிவி இல்லாமலும் கையில் வைத்து ஆடக்கூடிய நிண்டெண்டோ ஸ்விட்ச் பழையது ஒன்றைத் தேடுங்கள். அந்த 46 சதவீதத்தை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. இணையத்தில் வாங்கும் ஆட்டம் பெட்டிக்குச் சொந்தமல்ல, கணக்குக்குச் சொந்தம். அண்ணன் கணக்கிலோ கணவர் கணக்கிலோ வாங்கினால், வீடு மாறும்போது ஆட்டங்கள் அவரோடு போய்விடும். உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில், உங்களுக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லோடு தனிக்கணக்கு தொடங்கிவிட்டு முதல் ஆட்டத்தைப் போடுங்கள்.