ஆட்டு முடிக்கு அடிச்சுக்கிட்ட கதை

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால இன்னிக்கு ஒரு வரலாற்று மொக்கை. பொறுத்துக்கோங்க மக்கா.

காஷ்மீர் சால்வைன்னு பேரு. ஆனா அந்த ஆடு காஷ்மீர் பள்ளத்தாக்குல மேய்றது இல்லை. லடாக்கோட சாங்தாங் பீடபூமியிலும் மேற்குத் திபெத்திலும்தான் மேயுது. குளிர்காலத்துல மைனஸ் 30, 40 வரைக்கும் போற ஊர். அந்தக் குளிரைத் தாங்க, ஆட்டோட வெளி முடிக்கு அடியில மெல்லிசா ஒரு பூ முடி வளரும். அதுக்குப் பேர்தான் பஷ்ம். நம்ம தலைமுடியில அஞ்சுல ஒரு பங்கு கனம்கூட இருக்காது. குளிர் விட்டதும் உதிர ஆரம்பிக்கும். சாங்பா நாடோடிகள் சீப்பு வச்சு சீவி எடுப்பாங்க. ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்கு நூறு, நூத்தம்பது கிராம் தேறினா பெரிசு.

இந்த நூறு கிராமுக்குத்தான் அத்தனை சண்டையும். லடாக் - திபெத் போர் முடிஞ்சு 1684ல போட்ட திங்மோஸ்காங் ஒப்பந்தத்துல, மேற்குத் திபெத் பஷ்ம் லடாக் வழியா காஷ்மீருக்கு மட்டும்தான் போகணும்னு முடிவாச்சு. அக்மார்க் மோனோபோலி! 1834ல ஜம்மு ராஜா குலாப் சிங்கோட தளபதி சோராவர் சிங் லடாக்கைப் பிடிச்சார். பஷ்ம் வேற பாதையில பிரிட்டிஷ் பக்கம் நழுவ ஆரம்பிச்சதும், 1841ல திபெத்துக்குள்ளேயே படையோட போனார். டிசம்பர் பனியில அங்கேயே செத்தும் போனார்.

அப்புறம் 1846, அமிர்தசரஸ் ஒப்பந்தம். வெள்ளைக்காரன் காஷ்மீரை 75 லட்ச ரூபாய்க்கு குலாப் சிங்குக்கு வித்த கதை பலருக்கும் தெரியும். அதே ஒப்பந்தத்துல வருஷா வருஷம் கட்ட வேண்டிய கப்பம் என்ன தெரியுமா? ஒரு குதிரை, மூணு ஜோடி சால்வை, அப்புறம் நல்ல ஜாதி சால்வை ஆடு பன்னிரண்டு. கிடா ஆறு, பெட்டை ஆறுன்னு எண்ணி எழுதியிருக்கான். கப்பத்துலேயே குட்டி போட்டு வளர்க்க ப்ளான் பண்ணியிருக்கான் பாருங்க!

ராஜாக்கள் கதை கிடக்கட்டும். தறியில உக்காந்திருந்தவன் கதைதான் என்னை ரெண்டு நாள் தூங்க விடலை. ஸ்ரீநகர்ல சால்வைக்கு வரி வாங்கவே 'தாக் ஷால்'னு தனி இலாகா. நெசவாளிக்குக் கிடைச்ச சொற்பக் கூலியிலும் பெரும்பகுதி வரிக்கே போச்சு. சரி, வேலையை விட்டுடலாம்னா? முடியாது. கண்ணு பாதி போனாலும் தறியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, வேற தொழிலும் பார்க்கக் கூடாதுன்னு 1860கள்ல நேர்ல பார்த்த ராபர்ட் தார்ப் எழுதி வச்சிருக்கார். நோட்டீஸ் பீரியட் மூணு மாசம்னு நாம புலம்புறோம்!

1865 ஏப்ரல் 29. நெசவாளர்கள் ஊர்வலமா கிளம்பி ஸால்டகர்ல கூடினாங்க. ராணுவம் வந்தது. தப்பிச்சு ஓடினவங்க குறுகலான பாலத்துல நெரிஞ்சு கால்வாயில விழுந்தாங்க. செத்தவங்க 28 பேர்னு சொல்றாங்க. மே தினத்துக்குக் காரணமான சிகாகோ சம்பவம் 1886ல. அதுக்கு 21 வருஷம் முன்னாடி இது. எனக்கு ஸ்கூல்ல யாரும் சொல்லித் தரலை.

இதுக்குள்ள ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிங்கற ஊர், காஷ்மீர் டிசைனை மெஷின் தறியில காப்பி அடிச்சு மலிவா வித்துக்கிட்டிருந்தது. நம்ம காஞ்சிபுரம் புடவையில மாங்காய்னு சொல்றோமே, அதே உருவம்தான். இங்கிலீஷ்ல அதுக்கு இன்னிக்கும் அந்த ஊர்ப் பேருதான். காஷ்மீர் சால்வைக்குப் பெரிய வாடிக்கையாளர் பிரான்ஸ். 1870ல பிரஷ்யாவோட போர் வந்ததும் அந்தச் சந்தை படுத்துடுச்சு. 1877 - 79 பஞ்சம் வந்தப்போ நெசவாளர் குடும்பங்கள் கொத்துக் கொத்தா செத்தாங்க.

இன்னிக்கு உலகத்துல விளையற காஷ்மீர் கம்பளியில பெரும்பங்கு சீனாவும் மங்கோலியாவும். காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு 2008லேயே கிடைச்சாச்சு. ஆடு மேய்க்கிற லடாக்கோட பஷ்மினாவுக்கு 2023ல தான் கிடைச்சது.